மழை என்று யாரும் சொல்லவில்லை

என் அப்பா ரெஜிஸும் அவருடைய தம்பி ஜில்பேரும் பேசிக்கொள்வதில்லை என்று வெர்னொல் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தவறான தகவல். தினமும் பேசிக்கொள்கிறார்கள். வானிலையைப் பற்றி மட்டும்.

குறுகலான மலைப்பாதையில் இருவருடைய டிராக்டர்களும் எதிரெதிரே வரும். யாராவது ஒருவர் ஓரம் கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "வெளுத்திருக்கு" என்பார். சித்தப்பா பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி, "வெளுத்திருக்கு" என்பார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவனோடு ஜென்மப் பகை வைத்துக்கொள்ளலாம். அவனுடைய சவ அடக்கத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவனைக் கடந்து போகக் கூடாது. அப்படிப் போகிறவர்கள் பாரிஸ்காரர்களும் மாடுகளும்தான்.

பகைக்குக் காரணமும் வானிலைதான். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜூன் மாதம், யோலாந்த் அக்காவின் காபிக்கடையில் சித்தப்பா, "இந்த வாரம் தாங்கும்" என்றார். அப்பா அதை நம்பிப் பெரிய புல்வெளி முழுவதையும் அறுத்துப் போட்டார். மறுநாள் பிடித்த மழை ஒரு வாரத்துக்கு மேல் விடவில்லை. காயவேண்டிய புல் கறுத்து அழுகி ஊரெல்லாம் நாறியது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் சர்ச் வாசலில் நிற்கும்போது அப்பா உரக்கச் சொன்னார்: "வேணும்னேதான் சொன்னான்." சித்தப்பா, "வானம் என்ன நான் சம்பளம் குடுத்து வச்ச ஆளா?" என்றார். அன்றோடு சரி.

எங்கள் பிரெஞ்சு மொழியில் வானிலையைச் சொல்வதற்கு எப்போதும் ஓர் 'அவன்' தேவைப்படும். அவன் வெயில் செய்கிறான், அவன் குளிர் செய்கிறான், அவன் புழுக்கம் செய்கிறான். யார் அந்த அவன் என்று இலக்கண ஆசிரியர்களாலேயே சொல்ல முடிவதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் குழப்பம் கிடையாது. அப்பாவைப் பொறுத்தவரை அது சித்தப்பா.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அந்தச் சனிக்கிழமை காபிக்கடையில் நடந்தது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தெரிந்தாலும் தோன்றும், ஆனால் ஒழுங்குமுறை உள்ள பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பக்கத்துக்காரனின் புல் தரையில் கிடக்கும்போது அவன் முகத்துக்கு நேரே 'மழை வரும்' என்று நீ சொன்னால், அதே மூச்சில் 'கை கொடுக்கட்டுமா' என்றும் சொல்லியாக வேண்டும். சொல்லாதவனுக்கு அதற்குப் பிறகு, பசு கன்று போட முடியாமல் திணறினாலும், ஊரில் ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அதேபோல், தரையில் புல்லைப் போட்டிருப்பவன் தானே வாயைத் திறந்து 'மழை வரும்' என்று சொன்னால், அது பிச்சை கேட்பதற்குச் சமம். இதையெல்லாம் யாரும் சட்டமாகப் போடவில்லை. போட்டிருந்தால் தாராளமாக மீறியிருப்போம்.

ஜூன் மாதக் கடைசி. கிளேர்மோன் நகரில் கல்லூரி விடுமுறை விட்டதும் நான் ஊருக்கு வந்திருந்தேன். பெரிய புல்வெளியில் புல்லை அறுத்து, கிளறி, காயவைத்தாயிற்று. அக்கா கிளெமான்ஸ் காலையிலிருந்து டிராக்டரை விட்டு இறங்காமல் அதை வரிசை வரிசையாகக் கூட்டியிருந்தாள். சுருட்டிக் கட்டுவதுதான் பாக்கி. எந்திரத்தில் சுருட்டி, பெரிய உருளையாக்கி, வலையைச் சுற்றிவிட்டால் போதும். பிறகு எவ்வளவு பெய்தாலும் வெளித்தோல்தான் நனையும். சுருட்டாமல் நனைந்தால் குப்பை.

வானிலை அறிக்கை ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருந்தது. பிற்பகலில் இடி, சூறைக்காற்று, ஆலங்கட்டி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெசாத் போன் செய்தார். வருடாவருடம் வாடகைக்கு எங்கள் புல்லைச் சுருட்டித் தருகிறவர். அப்பா போனைக் காதில் வைத்தபடி, "ம்... ம்... முறிஞ்சிருச்சா... ம்" என்றார். பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பாலாடைக்கட்டியை வெட்ட ஆரம்பித்தார்.

"என்ன முறிஞ்சிருச்சு?" என்றாள் அக்கா.

"அச்சு."

"யாரோடது?"

"மெஷினோடது. வெசாத்துக்கு எப்பவோ முறிஞ்சிருச்சு."

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று வரிசையாகப் போன் போட்டாள். எச்சரிக்கை எல்லோருக்கும்தானே. எல்லா எந்திரமும் ஏதோ ஒரு வயலில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் போனை வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா மட்டும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே, சரிவுக்கு அந்தப் பக்கம், சித்தப்பாவின் கொட்டகை. அதற்குள்தான் அவருடைய சிவப்பு நிறப் புல் சுருட்டும் எந்திரம் இருக்கும். சித்தப்பா தன் புல்லை முந்தின நாளே கட்டி அடுக்கிவிட்டார்.

"அப்பா," என்றாள் அக்கா. "போய்க் கேளுங்க."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன்."

"அப்ப நான் கேக்குறேன்."

"நீ கேட்டா நான் கேட்ட மாதிரிதான். எம் பேரச் சொல்லி ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். டிசம்பர்ல மாட்டுக்கு என்னத்தப் போடுவீங்க? அந்தச் சிரிப்பையா?"

போன வருடம் வறட்சி. பரணில் மிச்சமிருந்த பழைய புல்லில் பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது, அதற்கே இடம் போதவில்லை. இந்தப் புல் போனால் குளிர்காலத் தீனி கிடையாது. பாதி மாட்டை இலையுதிர்காலச் சந்தையில் தள்ளிவிட வேண்டும். ஜனவரியில் பண்ணை அக்கா பெயருக்கு மாறுவதாக இருந்தது. முழு மந்தையைக் காட்டித்தான் அனுமதி வாங்கியிருந்தாள். பாதி மந்தை என்றால் அனுமதி ரத்து, பண்ணையும் இல்லை. ஐந்து வயதிலிருந்து வேறு எதுவும் ஆக விரும்பாதவள் அவள். நான் வாரத்துக்கு ஒரு தொழிலை விரும்புகிறவன். எனவே அவளுடைய ஆசை எனக்குப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முள்கரண்டியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் வெளுத்திருந்தது மட்டும் தெரிந்தது.

அப்பா எழுந்து தொப்பியை எடுத்தார்.

"எங்க?"

"காபி குடிச்சிட்டு வர்றேன்."

அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா யோலாந்த் அக்கா கடையில் சீட்டாடுவார் என்பது ஊருக்கே தெரியும். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்: "டேய் ரெமி, கூடப் போ. எப்படியாவது கேக்க வை. இல்லாட்டி சித்தப்பாவ மழைன்னு சொல்ல வை. படிச்சவன்தானே?"

படித்தது இலக்கியம் என்று அவளுக்கு நினைவூட்ட அது நேரமில்லை.

கடைக்குள் காற்று அசையவில்லை. சித்தப்பா ஜன்னலோர மேசையில், ஓய்வுபெற்ற தபால்காரர் மார்சலினோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் யோலாந்த் அக்கா கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நுழைந்ததும் துடைப்பது நின்றது. சீட்டு போடுவது நின்றது. அப்பா கல்லாவில் முழங்கையை ஊன்றினார். காபி வந்தது. நான்கு முறை கலக்கினார். சர்க்கரை போடவில்லை.

"புழுங்குது," என்றார், காபியிடம்.

"ஜூன் மாசம்," என்றார் சித்தப்பா, சீட்டிடம். "புழுங்காம என்ன பண்ணும்."

புழுக்கம் என்பது எங்கள் பக்கத்தில் இடிக்கு மூன்று வார்த்தை முந்தைய வார்த்தை. அப்பா நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தார்.

"ஈ கடிக்குது."

"கடிக்கத்தானே அதுக்கு வாய் வச்சிருக்கு."

"எங்க வீட்டுல கடிக்கல," என்றார் மார்சலின், நடுநிலையாக.

"உங்க வீட்டுல சோப்பு இல்ல மாமா, அதான் ஈயே வர்றதில்ல," என்றார் யோலாந்த் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்த அடியை எடுத்து வைத்தார்: "மேக்கால கொஞ்சம் நிறம் மாறியிருக்கு."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். மேற்கு வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. காலையில் அங்கே ஒரு மலைமுடி இருந்தது. இப்போது இல்லை.

"நிழலு," என்றார் சித்தப்பா.

"எதோட நிழலு?"

"மலையோட நிழலு."

"மலையே தெரியலையே."

"அதான். நிழல்ல இருக்கு."

சித்தப்பா ஒரு சீட்டை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். அவர் மட்டும் மழை என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும். அடுத்த வாக்கியத்தை அவரே சொல்லியாக வேண்டும். பிறகு எந்திரம் வந்துவிடும், அக்காவுக்குப் பண்ணை கிடைத்துவிடும். ஒரு வார்த்தை. அதைத் தவிர பிரெஞ்சு மொழியின் மற்ற எல்லா வார்த்தைகளும் அந்த அறையில் புழங்கிக்கொண்டிருந்தன.

என் போன் அதிர்ந்தது. அக்கா. 'கேட்டாரா?'

'இன்னும் இல்லை.'

'என்னதான் பேசுறாங்க?'

'மலை நிழலில் இருக்கிறதாம்.'

பதிலாக வந்ததை இங்கே எழுத முடியாது. எங்கள் சலேர் இன மாடுகள் பின்னங்காலால் உதைக்கும்போது அவள் சொல்வது.

தூரத்தில் ஏதோ உருண்டது. மெதுவாக, நீளமாக, மாடியில் யாரோ பீரோவை நகர்த்துவது மாதிரி. கல்லாவில் குவளைகள் கிணுகிணுத்தன.

"விமானம்," என்றார் சித்தப்பா.

"ராணுவத்தோடது," என்று மார்சலின் ஒத்துக்கொண்டார்.

"சனிக்கிழமையிலயா?" என்று யோலாந்த் அக்கா கேட்டுவிட்டார். சித்தப்பா பார்த்த பார்வையில் மறுபடி குவளை துடைக்க ஆரம்பித்தார்.

நான் துணிந்தேன். "சித்தப்பா, எனக்கென்னவோ மேகத்தப் பாத்தா..."

அப்பா என் காலை மிதித்தார். அவருடைய பூட்ஸின் முனையில் இரும்பு உண்டு.

அப்போதுதான் கதவு திறந்தது. முதுகில் மூட்டையும் கையில் இரண்டு குச்சிகளுமாக ஒரு மலையேறும் தம்பதி. உச்சரிப்பிலேயே பாரிஸ் தெரிந்தது. அந்த மனிதர் வாசலில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார்: "அப்பப்பா, வெளியில பாத்தீங்களா? பயங்கரமான மழை வரப்போகுது!"

சொல்லியாயிற்று. யாரோ ஒருவர் சொல்லியாயிற்று. ஆனால் அது செல்லாது. அவருக்கு எந்திரம் இல்லை, புல் இல்லை, பக்கத்துக்காரன் இல்லை. பாரிஸ்காரர் வாயில் மழை என்பது வெறும் தண்ணீர்.

"மழையா?" என்றார் யோலாந்த் அக்கா. "எங்க?"

"எங்கயா? அதோ! என் போன்ல பாருங்க, மொத்தமும் சிவப்பா இருக்கு."

"இங்க சிக்னல் சரியா கெடைக்காது."

அந்த மனிதர் மார்சலினைப் பார்த்தார். மார்சலின் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அப்பாவுக்கு எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்.

"நல்ல வானம்," என்றார் சித்தப்பா.

"ரொம்ப நல்ல வானம்," என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த வருடத்தில் இருவரும் அவ்வளவு ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

"அப்ப மலைக்குப் போகலாமா?" என்றார் அந்த அம்மாள், நம்பிக்கையோடு.

யோலாந்த் அக்கா கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கதவை மறித்தார். "தாராளமா போலாம். ஆனா எங்க கடை தார்த்துப் பலகாரத்தச் சாப்பிடாம போறவங்கள நான் விடறதில்ல. காட்டுப் பழம் போட்டது. உக்காருங்க. மொதல்ல பழம் பறிச்சிட்டு வரணும், கொஞ்சம் நேரமாகும். ஒரு ரெண்டு மணி நேரம்."

அவர்களைக் காப்பாற்றிவிட்டார். எங்களைக் காப்பாற்ற யாரும் பழம் பறிக்கவில்லை.

காற்று எழுந்தது. சர்ச் வாசலில் இருந்த மரத்தின் இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டின. கடைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. யோலாந்த் அக்கா விளக்கைப் போடப் போனார், பாதியில் நின்றார். பட்டப்பகலில் விளக்குப் போட்டால் அது ஒரு கட்சியில் சேர்வது. போடவில்லை. மார்சலின் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெளிவா இருக்கு," என்றார் சித்தப்பா.

அப்பா வாயைத் திறந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது, கண்ணால் பார்க்க முடிந்தது. மேலும் கீழுமாக ஒரு முறை போய்வந்தது. பிறகு அதை விழுங்கிவிட்டு, ஆறிப்போன காபியை அதற்குமேல் ஊற்றினார்.

"காத்தாட இருக்கு," என்றார்.

கதவு சுவரில் மோதித் திறந்தது. கிளெமான்ஸ். தலைமுடி முழுக்கப் புல், முகம் முழுக்கத் தூசி, அதில் வியர்வை ஓடிய கோடுகள். நேரே ஜன்னலோர மேசைக்குப் போனாள். மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள். சீட்டுகள் சரிந்தன.

"சித்தப்பா. மழை வருது. எங்க புல்லு தரையில கெடக்கு. வெசாத் மெஷின் முறிஞ்சிருச்சு. உங்க மெஷின் வேணும். தர முடியுமா, முடியாதா?"

மார்சலின் சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பாரிஸ்காரர் மட்டும், "நான்தான் சொன்னேனே மழைன்னு" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

சித்தப்பா சீட்டுகளைப் பொறுமையாகச் சேர்த்து அடுக்கினார். அவர் வேண்டாம் என்று சொல்லலாம். கேட்பவருக்கு மறுப்பது எங்கள் பக்கத்தில் குற்றமில்லை, அந்த மழையில் புல் அழுகிய வருடத்திலிருந்து அவர் அதற்குக் காத்திருந்திருக்கலாம். அடுக்கி முடித்தார். எழுந்தார்.

"மெஷின் இங்கதான் இருக்கு," என்றார். "டிராக்டர்ல மாட்டி, சர்ச்சுக்குப் பின்னால நிறுத்தியிருக்கேன்."

"எப்பலேருந்து?"

"வெசாத் மெஷின் முறிஞ்சதுன்னு மார்சலின் வந்து சொன்னதுலேருந்து."

"அது மத்தியானமாச்சே!" அக்காவின் குரல் உடைந்தது. "இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

சித்தப்பா முதன்முறையாக அப்பாவின் பக்கம் திரும்பினார். "யாரும் கேக்கல."

"யாரும் சொல்லல," என்றார் அப்பா.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையில் அப்போது எதுவும் இல்லாதது ஆண்டவன் புண்ணியம்.

நாங்கள் வயலுக்குப் போனபோது பாதி வானம் கறுப்பு, பாதி வானம் பித்தளை. சித்தப்பாவின் எந்திரம் முதல் வரிசையின் முனையில் இறங்கியது. அது புல்லை அள்ளி விழுங்கி, வயிற்றுக்குள் சுருட்டி, உருளை நிறைந்ததும் வலையைச் சுற்றிப் பின்னால் துப்பும். அப்பா இன்னொரு டிராக்டரில் முன்னால் போய்ச் சிதறிய வரிசைகளைக் கூட்டிக் கொடுத்தார். நானும் அக்காவும் எந்திரம் வர முடியாத ஓரங்களில் இருந்த புல்லை முள்கவையால் வாரி வரிசைக்குள் எறிந்தோம். என் உள்ளங்கைகள் உரிந்தன. அக்கா நிமிரவே இல்லை.

ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. உருளைகள் சரிவில் உட்கார ஆரம்பித்தன. பாதி வயல் முடிந்தபோது முதல் மின்னல் எதிர் மலையில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் என் கழுத்தில் ஒரு துளி விழுந்தது, சில்லென்று, ஒரு நாணயம் அளவுக்கு. நான் எதுவும் சொல்லவில்லை. நானும் அந்த ஊர்க்காரன்தான்.

அந்தத் துளிகளால்தான் புல் பிசுபிசுத்திருக்க வேண்டும். எந்திரம் முனகியது, இருமியது, வாயில் புல்லை அடைத்துக்கொண்டு நின்றது. சித்தப்பா டிராக்டரிலிருந்து குதித்தார். பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தார். எந்திரத்தின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டு அறுக்க ஆரம்பித்தார். டிராக்டரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடைப்பு விட்டால் அந்தப் பற்கள் உடனே சுழலும். அப்படிக் கையை இழந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு.

"டேய் ஜில்பேரு!"

எனக்கு அந்தக் குரல் யாருடையது என்றே முதலில் புரியவில்லை. அப்பா தன் டிராக்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார். தொப்பி பறந்தது.

"அணைடா மொதல்ல! முட்டாப்பயலே! எஞ்சின அணைடா!"

சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் அறுத்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சந்தான்..."

அப்பா அவரை இடுப்புப் பெல்ட்டில் பிடித்து இழுத்தார். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். அதே நொடியில் எந்திரம் ஓர் ஏப்பம் விட்டு அடைப்பை விழுங்கியது. பற்கள் சுழன்றன. சித்தப்பாவின் கத்தி உள்ளே எங்கோ கடகடவென்று அரைபட்டது.

இருவரும் தரையில் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கை இன்னும் பெல்ட்டை விடவில்லை.

"நல்ல கத்தி," என்றார் சித்தப்பா, கடைசியில்.

"எந்திரிடா," என்றார் அப்பா.

மீண்டும் ஓட்டினார்கள். மேலும் சில வரிசைகள். பிறகு வானம் கொட்டியது. முதலில் தண்ணீர், அதன் பின்னாலேயே ஆலங்கட்டி, பட்டாணி அளவில் தொடங்கி வால்நட் அளவுக்கு. டிராக்டரின் தகரக் கூரை பறையடித்தது. அக்கா இன்னும் முள்கவையோடு கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைத் தோளில் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. வயலின் மேல்கோடியில் எங்கள் பழைய கொட்டகை. நான்கு பேரும் அதற்குள் ஓடினோம்.

கதவருகே நின்று பார்த்தோம். உருளைகள் மேல் ஆலங்கட்டி துள்ளித் தெறித்துக்கொண்டிருந்தது, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றுக்கு அப்பால், சரிவின் கீழ்ப்பகுதி முழுவதும், சுருட்டாத வரிசைகள். கொஞ்ச நேரத்தில் அவை வரிசைகளாக இல்லை. பழுப்பு நிறத் தண்ணீரில் கரைந்து வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அக்காவின் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறாள். இரண்டு முறை போட்டாள்.

"பத்தாது," என்றாள். "பிப்ரவரியோட தீந்துரும். காவாசி மாடு போகணும்." கன்னத்தில் ஓடியதைப் புறங்கையால் துடைத்தாள். "காபிக்கடையில உக்காந்திருந்த நேரத்துக்கு, எல்லாத்தையும் கட்டியிருக்கலாம்."

அப்பா தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். ஈர முடி ஒட்டிக்கொண்டு, திடீரென்று வயதானவராகத் தெரிந்தார்.

சித்தப்பா சட்டையைப் பிழிந்தார். தொண்டையைக் கனைத்தார். கொட்டகையின் கூரையைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், காலியாக இருந்த பரணை நீண்ட நேரம் பார்த்தார்.

"என் கொட்டகையில இந்த வருஷம் ஈரம் ஜாஸ்தி," என்றார்.

ஜன்னலில் இருந்து தினமும் பார்க்கிற கொட்டகை. ஊரிலேயே உலர்ந்த கொட்டகை.

"வடக்குப் பாத்திருக்கா, வெயிலே படறதில்ல," என்று சித்தப்பா உத்தரத்திடம் தொடர்ந்தார். "கட்டி வச்ச உருளையில கொஞ்சம் இருக்கு, எங்க மாட்டுக்கு வேண்டியது போக. அங்கயே கெடந்தா பூசணம் பிடிக்கும். எங்கயாவது மாத்தணும்."

அப்பாவின் வாய் திறந்தது. கடைக்குள் நடந்தது மாதிரியே தொண்டையில் ஏதோ ஏறி, இறங்கியது. நன்றி என்று சொன்னால் கடனாளி. வேண்டாம் என்று சொன்னால் மகளுக்கு மந்தை இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். சீட்டுகள் சரிய மேசையில் கை ஊன்றிய மாதிரி மறுபடியும் ஏதாவது போட்டு உடைப்பாள் என்று பயந்தேன். ஒரு நேரடி வார்த்தை, எவ்வளவு நல்ல வார்த்தையாக இருந்தாலும், இந்த இடத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். பரணை அண்ணாந்து பார்த்தாள்.

"இங்க காத்து நல்லா வரும் சித்தப்பா," என்றாள், மெதுவாக. "ஈரம் ஒட்டவே ஒட்டாது."

"அப்பிடியா?"

"ஆமா. எவ்வளவு வச்சாலும் காஞ்சே இருக்கும்."

"ம்," என்றார் சித்தப்பா. "அப்ப திங்கக்கிழமை வண்டியக் கட்டுறேன். தரை காயட்டும்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அங்கே கிடந்த பழைய வாளியைக் கவிழ்த்து அதன்மேல். சித்தப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்னொரு வாளியைத் தேடி எடுத்து, கைக்கெட்டாத தூரத்தில் கவிழ்த்து, தானும் உட்கார்ந்தார். வெளியே ஆலங்கட்டி நின்றிருந்தது. வயலெல்லாம் வெள்ளையாக உருகிக்கொண்டிருந்தது. மேற்கே மலைமுடி திரும்பி வந்திருந்தது.

"மழை பெஞ்சிருக்கு," என்றார் அப்பா.

சித்தப்பா வாசலை எட்டிப் பார்த்தார். நனைந்த தன் பூட்ஸைப் பார்த்தார். மறுக்க வழி தேடுவது நன்றாகவே தெரிந்தது.

"பெஞ்சிருக்கு," என்றார்.